ஏற்றத்திலிருந்து வாய்க்காலுக்கு: எனுமரேஷனை ஸ்ட்ரீமாக மாற்றுதல்

தர்மபுரி மாவட்டத்தில் பிறந்து நிரல் எழுத வந்தவர்களுக்கு ஃப்ளோரைடு புதிய சொல் அல்ல. பாறை இடுக்கில் தங்கும் நீரில் கரைந்து ஆழ்துளைக் கிணற்று வழியாக மேலே வரும். முதலில் பல்லில் பழுப்புக் கறையாகத் தெரியும். முற்றினால் எலும்பைப் பிடிக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு நீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்ததற்கு இந்தக் கறை ஒரு பெரிய காரணம்.

அதனால் இந்த அத்தியாயத்துக்கு உதாரணம் தேடி நான் வெளியே போகவில்லை. ஊர், வட்டம், ஃப்ளோரைடு அளவு ஆகிய மூன்றும் அடங்கிய ‘நீர்மாதிரி’ என்று ஒரு கிளாஸ். (ஜாவா தொடக்கத்திலிருந்தே யூனிகோடு மொழி. கிளாஸுக்குத் தமிழில் பெயர் வைத்தாலும் கம்பைலர் முகம் சுளிக்காது.) நீர்மாதிரிகளை வெக்டரில் போட்டு வைத்து, எனுமரேஷனாக வெளியே தரும் ஒரு பழைய நிரல். அளவு 1.5-ஐத் தாண்டிய கிணறுகளின் ஊர்ப்பெயர்களை அது அச்சிட வேண்டும். நிரலும் மாதிரிகளும் பாடத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. எந்த அலுவலகத்துக் கோப்பும் அல்ல.

பழைய நிரலின் லூப் இப்படிப் போகிறது: ஹேஸ்மோர்எலிமென்ட்ஸ் உண்மையாக இருக்கும் வரை சுற்று, நெக்ஸ்ட்எலிமென்டை நீர்மாதிரியாக காஸ்ட் செய்து அளவைப் பார், 1.5-க்கு மேல் என்றால் நெக்ஸ்ட்எலிமென்டின் ஊரை அச்சிடு.

பிழை தெரிகிறதா? நெக்ஸ்ட்எலிமென்ட் என்பது எட்டிப் பார்ப்பதல்ல, எடுத்துவிடுவது. அளவைப் பார்க்க ஒரு மாதிரியை எடுக்கிறது நிரல், ஊரை அச்சிட அதற்கு அடுத்ததை எடுத்துவிடுகிறது. கெட்ட நீர் உள்ள கிணறு தப்பிவிடுகிறது. பட்டியலில் அதற்குப் பின்னால் நின்ற பாவத்துக்கு நல்ல கிணறு மாட்டிக்கொள்கிறது. கம்பைலர் எதுவும் சொல்லாது. கடைசி மாதிரியே வரம்பைத் தாண்டியிருந்தால் மட்டும் ‘நோ சச் எலிமென்ட்’ எக்ஸெப்ஷன் விழும். அதுவும் எல்லா நாளும் நடக்காது. நானும் இதே பிழையைச் செய்திருக்கிறேன், ஒரு முறைக்கு மேல்.

பழைய வரிசைகளை ஸ்ட்ரீமுக்கு ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்டால் வேகம், நவீனம் என்றெல்லாம் பதில் வரும். என் பதில் இந்தக் கிணறுதான். ‘அடுத்ததை எடு’ என்று சொல்லும் வேலை உங்கள் கையில் இருக்கும் வரை இந்தப் பிழைக்கு வாசல் திறந்தே இருக்கும். ஸ்ட்ரீமில் அந்த வேலை உங்களிடம் இல்லை. ஒவ்வொரு மாதிரியும் லாம்டாவுக்குள் ஒரு பெயரோடு வந்து நிற்கும். அதே மாதிரியை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கொஞ்சம் பூர்வீகம்

ஜாவாவின் முதல் பதிப்பு 1996 ஜனவரியில் வந்தபோது வெக்டர், ஹேஷ்டேபிள், ஸ்டாக், அவற்றைச் சுற்றிவர எனுமரேஷன், இவ்வளவுதான் கையிருப்பு. 1998 டிசம்பரில் வந்த 1.2-இல் ஜோஷுவா ப்ளாக் வடிவமைத்த கலெக்‌ஷன்ஸ் கட்டமைப்பு சேர்ந்தது. இட்டரேட்டர் அதனுடன் வந்தது. பெயர்கள் சுருங்கின, ரிமூவ் என்ற மெத்தட் கூடியது. மற்றபடி இரண்டும் ஒரே சாதிதான். கிணற்றில் ஏற்றம் இறைப்பதுபோல: தண்ணீர் இருக்கிறதா என்று பார், ஒரு சால் எடு, ஊற்று, மறுபடி பார். இறைப்பவர் நீங்கள். 2004-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஜெனரிக்ஸையும் சுருக்கமான ஃபார் லூப்பையும் கொடுத்தது. அது ஏற்றத்துக்கு மாடு கட்டியது போல. இறைப்பு மாறவில்லை.

2014 மார்ச்சில் எட்டாம் பதிப்போடு லாம்டாவும் ஸ்ட்ரீமும் வந்தன. இது வாய்க்கால். எங்கே வடிகட்ட வேண்டும், எங்கே பிரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே வெட்டி வைக்கிறீர்கள். ஃபில்டர், மேப் எல்லாம் அந்த வெட்டு வேலை. கலெக்ட், கவுன்ட், ஃபார்ஈச் போன்ற கடைசி மெத்தட் ஒன்றை அழைக்கும்போதுதான் மடை திறக்கிறது. அதுவரை ஒரு சொட்டும் நகராது. இந்த ஒரு சேதியை மறந்தவர்கள்தான் ஸ்ட்ரீமில் அதிகம் அடிபடுகிறார்கள், பின்னால் வருகிறேன்.

மாற்றுவதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள்

எனுமரேஷன் என்ற பெயரைப் பார்த்ததும் மாற்றும் வித்தைகளைத் தேட வேண்டாம். அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். வெக்டரே உங்கள் கையில் இருந்தால் வேலையே இல்லை. வெக்டர் 1.2 முதல் ஒரு லிஸ்ட். எனவே எட்டாம் பதிப்பில் அதற்கும் ஸ்ட்ரீம் மெத்தட் கிடைத்துவிட்டது. வெக்டரிடம் எலிமென்ட்ஸை வாங்கி, அந்த எனுமரேஷனை ஸ்ட்ரீமாக்க நாலு வரி எழுதியிருக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் குழாய் இருக்கும்போது ஏற்றம் கட்டிய கதை. ஹேஷ்டேபிளுக்கும் அப்படியே: வேல்யூஸையோ என்ட்ரிசெட்டையோ கேளுங்கள், அங்கிருந்து ஸ்ட்ரீம்.

நூலகமே வழி செய்து கொடுத்திருக்கும் இடங்களும் உண்டு. ஜிப்ஃபைலின் என்ட்ரிஸ் எனுமரேஷன் தரும். அதே கிளாஸில் எட்டாம் பதிப்பு முதல் ஸ்ட்ரீம் என்றே ஒரு மெத்தட் இருக்கிறது. பஃபர்ட்ரீடருக்கு லைன்ஸ். 2017-இல் வந்த ஒன்பதாம் பதிப்பில் கிளாஸ்லோடருக்கு ரிசோர்சஸ், ஸ்கேனருக்கு டோக்கன்ஸ், ரெகுலர் எக்ஸ்பிரஷன் மேட்சருக்கு ரிசல்ட்ஸ் சேர்ந்தன. ஸ்ட்ரிங்டோக்கனைசர் கூட உள்ளுக்குள் ஒரு எனுமரேஷன்தான்; அதை மாற்ற முயலாமல் பேட்டர்னின் ஸ்ப்ளிட்ஆஸ்ஸ்ட்ரீமுக்குப் போய்விடுங்கள்.

உண்மையிலேயே எனுமரேஷனைத் தவிர வேறெதுவும் தராதவையும் இருக்கின்றன. சர்வ்லெட்டில் வரும் கோரிக்கையின் தலைப்புப் பெயர்கள், கீஸ்டோரின் ஏலியாஸஸ். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் எனுமரேஷனை முதலில் சந்திப்பது பெரும்பாலும் சர்வ்லெட்டிலாகத்தான் இருக்கும்.

இரண்டு வழிகள்

முதல் வழி ஒரே வரி. கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் லிஸ்ட் மெத்தடுக்குள் எனுமரேஷனைக் கொடுங்கள். அது எல்லாவற்றையும் இறைத்து ஒரு அர்ரேலிஸ்டில் நிரப்பித் தரும். அதன்மேல் ஸ்ட்ரீம். இந்த மெத்தட் 1.4 பதிப்பிலிருந்தே இருக்கிறது. நகல் எடுக்கிறதே, நினைவகம் வீணாகாதா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. சர்வ்லெட் கோரிக்கை ஒன்றில் தலைப்புகள் எத்தனை வரும்? ஒரு மாவட்டத்தின் கிணறுகளையே சேர்த்தாலும் இன்றைய கணினிக்கு அது ஒரு கைப்பிடி. பத்தில் ஒன்பது தடவை நான் இதோடு நிறுத்திவிடுவேன். நகல் கையில் இருப்பதால் இன்னொரு முறை ஓட்டவும் முடியும்.

இரண்டாம் வழி, நகல் எடுக்கவே முடியாதபோது. எனுமரேஷன் முடிவில்லாமல் வரலாம், அல்லது ஒவ்வொன்றும் வட்டிலிருந்தோ வலையிலிருந்தோ மெதுவாக வரலாம், முதல் நாலைந்து கிடைத்தாலே போதும் என்றிருக்கலாம். அப்போது மூன்று படி. ஒன்பதாம் பதிப்பு எனுமரேஷனுக்கு ஆஸ்இட்டரேட்டர் என்ற மெத்தடைக் கொடுத்தது. அதை அழைத்து இட்டரேட்டர் வாங்குங்கள். அதை ஸ்ப்ளிட்டரேட்டர்ஸ் கிளாஸின் ஸ்ப்ளிட்டரேட்டர்அன்நோன்சைஸ் மெத்தடிடம், ஆர்டர்டு என்ற குணத்தோடு கொடுங்கள். வருவதை ஸ்ட்ரீம்சப்போர்ட்டின் ஸ்ட்ரீம் மெத்தடிடம் கொடுத்து, இரண்டாவது இடத்தில் ஃபால்ஸ் என்று எழுதுங்கள். அந்த ஃபால்ஸ், இணையாக ஓட்ட வேண்டாம் என்பதற்கு.

இதை வேண்டிய இடத்திலெல்லாம் எழுதாதீர்கள். ‘ஓடையாக்கு’ என்று ஒரே ஒரு ஸ்டாடிக் மெத்தடில் அடைத்துவிட்டு, பழைய நூலகத்தைத் தொடும் எல்லையில் மட்டும் அழையுங்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் எனுமரேஷன், இந்தப்பக்கம் ஸ்ட்ரீம். நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும் நிரலைப் படிப்பதைவிடப் பழைய லூப்பையே படிக்கலாம். எதிர்த்திசையில் போக வேண்டி வந்தால், பழைய மெத்தட் ஒன்று எனுமரேஷன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், கலெக்‌ஷன்ஸ் கிளாஸின் எனுமரேஷன் மெத்தட் உங்கள் லிஸ்டை அந்த வேடத்தில் அனுப்பிவைக்கும்.

எட்டாம் பதிப்பிலேயே நிற்கும் இடங்களில் ஆஸ்இட்டரேட்டர் இருக்காது. அங்கே அப்ஸ்ட்ராக்ட்ஸ்ப்ளிட்டரேட்டரை நீட்டித்து ட்ரைஅட்வான்ஸ் என்ற ஒரே மெத்தடை எழுதினால் போதும்: இன்னும் இருந்தால் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு ட்ரூ, இல்லையென்றால் ஃபால்ஸ். தரவுத்தள ரிசல்ட்செட் போல எனுமரேஷனும் இல்லாத, இட்டரேட்டரும் இல்லாத பிறவிகளுக்கும் இதுவே வழி. அதில் எழும் எஸ்க்யூஎல் எக்ஸெப்ஷனை அறிவிக்கத் தேவையில்லாத எக்ஸெப்ஷன் ஒன்றில் பொதிந்து எறிய வேண்டும். ட்ரைஅட்வான்ஸ் அதை நேராக வெளியே விடாது.

குணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்டர்டு, டிஸ்டிங்க்ட், சைஸ்டு, நான்நல் என்று பல உண்டு. அழகுக்காக எதையும் சேர்க்காதீர்கள். டிஸ்டிங்க்ட் என்று நீங்கள் சொல்லிவிட்டால், பிறகு டிஸ்டிங்க்ட் மெத்தடை அழைத்தாலும் ஸ்ட்ரீம் உங்கள் பேச்சை நம்பிச் சும்மா இருந்துவிடும். ஒரே ஊர் இரண்டு முறை வரும். காரணம் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

கிணற்றுப் பட்டியல், மறுபடியும்

இப்போது நம் நிரல்: ஓடையாக்கு, நீர்மாதிரி கிளாஸின் காஸ்டை வைத்து மேப், அளவு 1.5-க்கு மேல் உள்ளதை ஃபில்டர். இம்முறை ஊர்ப்பெயரை அச்சிடாமல் வட்டவாரியாக எண்ணிவிடலாம்: கலெக்டர்ஸின் குரூப்பிங்பையில் வட்டம், அதற்குள் கவுன்டிங். அரூரில் எத்தனை, பென்னாகரத்தில் எத்தனை என்று ஒரு மேப் கையில் வந்துவிடும். ‘அடுத்ததை எடு’ என்பது எங்குமே இல்லை.

காஸ்டைக் கவனியுங்கள். பழைய வெக்டர் ஜெனரிக்ஸ் வருவதற்கு முந்தையது. உள்ளே நீர்மாதிரிதான் இருக்கிறது என்று எவரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. சில புத்தகங்கள் முதலில் இஸ்இன்ஸ்டன்ஸால் ஃபில்டர் செய்துவிட்டுப் பிறகு காஸ்ட் செய்யச் சொல்லும். ஓட்டம் நிற்காது, உண்மை. ஆனால் வெக்டருக்குள் யாரோ ஒரு ஸ்ட்ரிங்கைப் போட்டிருந்தால் அது சத்தமில்லாமல் கழிந்துவிடும், எண்ணிக்கை ஒன்று குறையும். குடிநீர்க் கணக்கில் அது வேண்டாம். காஸ்டை மட்டும் வைத்து, கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் விழட்டும் என்று விடுவதே என் பழக்கம்.

முடிவை லிஸ்டாக வாங்கும்போது இன்னொரு கண்ணி. 2021-இல் வந்த பதினாறாம் பதிப்பில் ஸ்ட்ரீமுக்கே டூலிஸ்ட் வந்தது, எழுதச் சுருக்கம். ஆனால் அது தரும் லிஸ்டில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. உங்கள் மெத்தடிடம் பட்டியல் வாங்கி, கடைசியில் ‘மொத்தம்’ என்று ஒரு வரியைச் சேர்க்கும் பழைய நிரல் எங்கோ இருக்கும். அது விழும். அங்கே கலெக்டர்ஸின் டூகலெக்‌ஷனில் அர்ரேலிஸ்டைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கே சறுக்கும்

மடை திறக்கும் வரை தண்ணீர் நகராது என்றேன். காலையில் ஸ்ட்ரீமை வெட்டி வைத்துவிட்டு, நடுவில் வெக்டரில் பத்து மாதிரிகளைச் சேர்த்து, மாலையில் கலெக்ட் செய்தால் அந்தப் பத்தும் வரும். இது பிழை அல்ல, அதன் இயல்பு. காலை நிலவரம்தான் வேண்டுமென்றால் காலையிலேயே லிஸ்டாக எடுத்துவிட வேண்டும்.

ஓடி முடிந்த ஸ்ட்ரீமை மறுபடி தொட்டால் இல்லீகல்ஸ்டேட் எக்ஸெப்ஷன் வரும். அது நல்லது, சத்தம் போடுகிறது. இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. தீர்ந்துபோன எனுமரேஷனை மறுபடி ஓடையாக்கிடம் கொடுத்தால் ஒரு எக்ஸெப்ஷனும் வராது. வெறும் ஸ்ட்ரீம் வரும், கவுன்ட் பூஜ்ஜியம் சொல்லும். வரம்பைத் தாண்டிய கிணறு ஒன்றுகூட இல்லை என்று அறிக்கையும் போய்விடும். ஏற்றம் வற்றிய கிணற்றில் இறங்கினால் சால் காலியாகத்தான் ஏறும், அதற்கு வாய்க்காலைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு முறை தேவை என்றால் நகல் எடுங்கள்.

அடுத்தது, அனுபவம் உள்ளவர்களையும் குழப்புவது. வெக்டரின் எலிமென்ட்ஸ் தரும் எனுமரேஷன், பக்கத்துத் த்ரெட் ஒன்று வெக்டரிலிருந்து எதையாவது நீக்கினால் கண்டுகொள்ளாது. ஒரு மாதிரியைத் தாண்டிவிட்டு அமைதியாகப் போய்விடும். வெக்டரின் ஸ்ட்ரீம் அப்படியில்லை, கன்கரன்ட்மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் எறியும். எனவே பத்து வருடம் ‘நன்றாக’ ஓடிய நிரல், நீங்கள் ஸ்ட்ரீமுக்கு மாற்றிய மறுவாரம் விழும். பழி உங்கள் மேல் வரும். உண்மையில் நிரல் பத்து வருடமாகத் தப்பாக எண்ணிக்கொண்டிருந்தது. இப்போதுதான் வாய் திறந்திருக்கிறது. தீர்வு எளிது: வெக்டரைக் கொடுத்து ஒரு புது அர்ரேலிஸ்ட் கட்டுங்கள். வெக்டரின் டூஅர்ரே பூட்டுப் போட்ட மெத்தட் என்பதால் அந்த நகல் ஒரே மூச்சில் நடந்துவிடும். கலெக்‌ஷன்ஸின் லிஸ்ட் மெத்தடுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அது ஒவ்வொன்றாக இறைக்கிறது.

பேரலல் வேண்டாம். இட்டரேட்டரிலிருந்து வந்த ஸ்ட்ரீமைப் பிரிக்க வேண்டுமானால், ஒருவர் நின்று முதலில் 1,024 உருப்படிகளை அர்ரே ஒன்றில் இறைத்துக் கொடுக்க வேண்டும், அடுத்த பிரிவுக்கு இன்னும் அதிகம். ஏற்றம் ஒன்றுதான், வாய்க்கால் மட்டும் எட்டு.

மாற்றாமல் விட வேண்டிய லூப்களும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே இட்டரேட்டரின் ரிமூவை அழைப்பவை, முந்தைய மாதிரியோடு இப்போதையதை ஒப்பிட்டு நடுவழியில் முடிவெடுப்பவை. முதல் வகைக்குப் பெரும்பாலும் ரிமூவ்இஃப் போதும். இரண்டாம் வகையை லூப்பாகவே வைத்து, நெக்ஸ்ட்எலிமென்டை முதல் வரியிலேயே ஒரு மாறியில் பிடித்துவிடுங்கள். அந்தப் பழைய பிழை அதோடு சரி.

தமிழ் எழுத்தும் ஒரு வரிசைதான்

அறிக்கையில் வட்டத்தின் பெயரைச் சுருக்கி அச்சிடும் ஒரு வரி பழைய நிரல்களில் தவறாமல் இருக்கும்: சப்ஸ்ட்ரிங், பூஜ்ஜியத்திலிருந்து ஒன்பது. ஆங்கிலப் பெயருக்கு ஒன்றும் ஆகாது. பாப்பிரெட்டிப்பட்டியை ஒன்பதில் வெட்டினால் ‘பாப்பிரெட’ என்று நிற்கும். புள்ளி வெட்டுப்பட்டுப் போய்விட்டது. ஜாவாவின் லெங்த் எழுத்தை எண்ணுவதில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். நாம் பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பத்து எழுத்து என்போம். லெங்த் 19 என்கிறது.

இதற்கென்றே 1.1 பதிப்பிலிருந்து பிரேக்இட்டரேட்டர் இருக்கிறது. பெயரில்தான் இட்டரேட்டர். ஹேஸ்நெக்ஸ்ட் கிடையாது, ஃபர்ஸ்ட், நெக்ஸ்ட் என்று இட எண்களைத் தந்துகொண்டே வந்து, முடிந்ததும் டன் என்ற அடையாளமாக மைனஸ் ஒன்றைத் தரும். எழுத்து எல்லைகளை இன்றைய யூனிகோடு விதிப்படி அது வெட்டத் தொடங்கியதே 2023-இல் வந்த இருபதாம் பதிப்பில்தான். அதை ஸ்ட்ரீமாக்க இன்ட்ஸ்ட்ரீமின் மூன்று கூறுள்ள இட்டரேட் மெத்தடை வளைக்கலாம். நான் செய்வதில்லை. ஒன்பதாம் பதிப்பு முதல் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பின்சாய்கோட்டுடன் பெரிய எக்ஸ் என்று எழுதினால், கண்ணுக்குத் தெரியும் ஒரு முழு எழுத்து என்று பொருள். அதை வைத்து மேட்சர், அதன்மேல் ரிசல்ட்ஸ், அதன்மேல் குரூப்பை மேப். வெளியே வருவது பா, ப், பி, ரெ, ட், டி, ப், ப, ட், டி என்ற ஸ்ட்ரீம். சுருக்க வேண்டுமென்றால் லிமிட் ஐந்து, பிறகு ஜாயினிங். ‘பாப்பிரெட்’ என்று புள்ளியோடு நிற்கும்.

பழைய கோப்புகளில் ஒரு தொல்லை: ‘கோ’ போன்ற எழுத்தில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் இருக்கலாம், இரண்டாகவும் இருக்கலாம். பார்வைக்கு ஒன்றுதான். லெங்த் மாறும், ஒப்பிட்டால் சமம் இல்லை என்று வரும். எல்லைக்குள் நுழையும்போதே நார்மலைசரின் என்எஃப்சி வழியாக அனுப்பிவிடுங்கள்.

பயிற்சி: தர்மபுரி, நல்லம்பள்ளி, காரிமங்கலம், பாலக்கோடு, பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி ஆகிய ஏழு வட்டங்களின் பெயர்களையும் என்எஃப்சி செய்து ஒரு வெக்டரில் போடுங்கள். வெக்டரை மறந்துவிட்டு எலிமென்ட்ஸை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஓடையாக்கி, எழுத்து எண்ணிக்கைவாரியாகக் குரூப்பிங்பை செய்யுங்கள். தர்மபுரியும் பாலக்கோடும் ஐந்தெழுத்தில் ஒன்றாக நின்று மொத்தம் ஐந்து குழுக்கள் வந்தால் சரி. ஆறு வந்தால் லெங்த்தை எண்ணியிருக்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால், சரிபார்க்கிறேன் என்று அந்த எனுமரேஷனை முன்பே ஒரு முறை அச்சிட்டுவிட்டீர்கள்.